இரண்டு விரல் எழுந்த தொட்டி

என் அண்ணி மருமகளாக எங்கள் வீட்டுக்குள் காலடி வைத்த அன்று எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எங்கள் கூரையைப் பார்த்தார். கூடத்து மூலையில் பத்து வருஷமாக ஓர் ஈரக்கறை இருந்தது. குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி அதோடு பழகிப்போயிருந்தோம். "இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். புதுப்பெண் பேசிய முதல் வார்த்தை அதுதான். அடுத்த வாரம் கறை இல்லை. அண்ணன் தையல்காரர். தனக்குத் துணியில் கிழிசல், அவளுக்குக் கான்கிரீட்டில் கிழிசல், பொருத்தம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறேன் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்.

கான்கிரீட்டுக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது அண்ணியின் தொழில். கலவை சுமக்கும் சித்தாளாகப் போனவர், இருபது வருஷத்தில் மேஸ்திரிகளே கூப்பிட்டு யோசனை கேட்கும் ஆளாகிவிட்டார். வேலையிடங்களில் 'சொட்டக்கா' என்றால்தான் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூடச் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு வருவார்.

அவர் வேலை செய்வதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். நேற்றுப் போட்ட கான்கிரீட்டும் இன்று போடுவதும் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை வைப்பார்கள். அதற்கடியில் ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருந்தால்கூட விரலை விட்டு எடுத்துவிடுவார். சுவர் காய்ந்த பிறகு தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, இணைப்புகளின் மேல் உலர்ந்த சிமெண்டுத் தூளைத் தூவுவார். ஊசிமுனை அளவு ஈரம் இருந்தாலும் அந்த இடத்தில் தூள் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். "கடல் தண்ணிக்கு அவசரமே கிடையாது தம்பி. நாம அசர்ற வரைக்கும் காத்திருக்கும்," என்பார். உள்ளே போன உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அது வெளியே தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

நான் சொல்ல வந்தது கடலோரத்துக் குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றி. எங்கள் தெருவையும் சேர்த்து நாலு தெருக்களுக்கு அதுவரை லாரித் தண்ணீர்தான். அதுவும் பாதி நாள் உப்புக் கரிக்கும். அதற்காக மண்ணுக்கு அடியில், இரண்டு ஆள் ஆழத்தில், நடுவே ஒரு சுவர் வைத்து இரண்டு அறைகளாகத் தொட்டி கட்டினார்கள். அண்ணி முதன்முதலாகத் தன் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செய்த வேலை அது. அங்கே பம்பு ஓட்டுபவன் நான். தொட்டியைச் சுற்றி நாலு குழாய்க்கிணறுகள். நிலத்தடி நீரை ஓயாமல் உறிஞ்சி வெளியே தள்ள நாலு பம்புகள். அந்த இரைச்சலில் என் காது இரண்டும் கந்தல்.

சுவர்கள் எழும்பின. வெளிப்பக்கம் பாதி உயரத்துக்கு மணல் நிரப்பியாயிற்று. கூரை மட்டும் பாக்கி. மூன்று வாரமாக அண்ணி தூவிய தூள் ஓரிடத்திலும் கறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "உன் பம்ப நிறுத்திப் பாரு, அப்பவும் ஒரு சொட்டு உள்ள வராது."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். உள்ளே தரை தூசி பறக்கக் காய்ந்து கிடக்கிறது, பிறகு எதற்கு டீசலைக் கொட்ட வேண்டும்? மறுநாள் மதியம் நாலு பம்பையும் நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை, பெரிய புத்திசாலி என்ற நினைப்பு. அன்று மாலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. கடலும் முழு நிலா ஏற்றத்தில் இருந்தது.

விடிந்ததும் வேலைக்குப் போனோம். தோண்டிய பள்ளத்தின் கரையிலிருந்து தொட்டிச் சுவருக்கு ஒரு பலகை போட்டிருக்கும். அண்ணி வழக்கம்போல வெறுங்காலோடு அதில் நடந்தார். நடுவில் நின்றார். திரும்பி வந்து மறுபடியும் நடந்தார்.

"தம்பி, இந்தப் பலகை தினமும் சுவர்ப் பக்கமா சரிஞ்சு இறங்கும். இன்னைக்கு ஏறுது."

மழையில் கரை அமுங்கியிருக்கும் என்று நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. சற்றுத் தள்ளியிருந்த ஒரு கல்தூணில் சுவரின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியைத் தூணிலும் மறு நுனியைச் சுவரிலும் பிடித்தோம். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது அப்படித்தான். சுவரின் தலை கோட்டைவிட இரண்டு விரல் உயரத்தில் இருந்தது.

எத்தனை லாரி ஜல்லி, எத்தனை லாரி கம்பி! அத்தனையையும், கண்ணில்கூடப் படாத தண்ணீர், ஓசைப்படாமல் தூக்கியிருந்தது. காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், கையை எதிர்த்துக்கொண்டு மேலே வரும். ஓட்டைக் குடமாக இருந்தால் முழுகும். அண்ணி கட்டியது ஓட்டையில்லாத குடம். அதனால் மிதக்கத் தொடங்கிவிட்டது. பம்புகள் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நேற்று மதியம் நிறுத்தினேன் என்று ஒப்புக்கொண்டேன். அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடல் ஏற்றம் உச்சத்துக்கு வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது; அது ஏற ஏற மண்ணடித் தண்ணீரும் ஏறும். வெளித் தண்ணீரை மட்டும் இறைத்து வடியவைக்க அரை நாள் ஆகும். அதற்குள் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தரை விரிசல் விட்டால் அதோடு போயிற்று. நாலு தெருவும் மறுபடி லாரியைப் பார்த்துக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

"நாலு பம்பையும் போடு. ஹோஸ் எல்லாத்தையும் தொட்டிக்குள்ள திருப்பு."

நான் அசையவில்லை. "அது உப்புத் தண்ணி அண்ணி."

"தெரியும். இப்ப கனம் வேணும். கனத்துக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணின்னு கிடையாது."

வேலைக்குப் பொறுப்பான பொறியாளருக்கு அண்ணி போன் போட்டார். லாரியில் நல்ல தண்ணீர் வரவழைக்கலாமே என்றாராம் அவர். லாரிக்கு முன்னால் கடல் வந்துவிடும் என்றார் அண்ணி. பிறகு பொறியாளரும், சரி, ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஹோஸை அண்ணியே இழுத்துவந்து உள்ளே போட்டார். இருபது வருஷமாக எதை ஒரு சொட்டுக்கூட விடாமல் காத்தாரோ அது, அவர் தினமும் செருப்பில்லாமல் நடந்த தரையில் கொட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு அறைகளிலும் தண்ணீர் சமமாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் கனமில்லாத பக்கம் தூக்கிக்கொள்ளும். கையில் ஒரு கம்போடு சுவர்மேல் இங்கும் அங்கும் ஓடி ஆழம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஹோஸ்களை மாற்றி மாற்றிப் போட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் தொட்டி இன்னும் இரண்டு நூல் ஏறியது. கொத்தனார் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். பிறகு ஏறுவது நின்றது. நண்பகல் தாண்டியதும் மட்டம் பார்க்கும் குழாயில் தண்ணீர் நூல் நூலாக நகர ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய பாரம், ஒரு முனகல்கூட இல்லாமல், தன் இடத்துக்குத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய காட்சி அதுதான். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே தெரியாது என்பது வேறு விஷயம். மாலையில் கோட்டுக்கு ஒரு நூல் மேலே வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு நூல் இறங்கவே இல்லை.

பொறியாளர் வந்து, பம்பை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"நிறுத்துனது இவன் சார். நிறுத்தலாம்னு தோண வெச்சது என் வாய். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ரெண்டையும் சேத்து எழுதிக்குங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணி அதை மடித்துச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறார்.

மழை ஓய்ந்ததும் பம்புகளை ஓடவிட்டுக்கொண்டே தொட்டியைக் காலிசெய்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவினோம். குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் மட்டும் மயிரிழை போல ஒரு கீறல்; அதை வெட்டி எடுத்துப் புதிதாக அடைத்தார். பிறகு பத்து நாள் சிமெண்டு தூவினார். எங்கேயும் கறுக்கவில்லை. கூரை போட்டு, கனம் ஏற்றி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகுதான் பம்புகளை நிறுத்தச் சொன்னார்கள். நான் மூன்று பேரைக் கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து தண்ணீர் சுத்தம் என்று தாள் வந்தது. அண்ணிக்குத் தாள் போதவில்லை. எங்கள் தெருக்குழாயில் முதல்முறை தண்ணீர் வந்த அன்று ஒரு டம்ளர் பிடித்து ஒரு வாய் குடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அன்னைக்கு அந்த ஹோஸப் புடிச்சதுலேருந்து எனக்கு எதக் குடிச்சாலும் கரிக்குது. நீ சொல்லு."

குடித்தேன். கரிக்கவில்லை என்றேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். மிச்சத்தையும் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அப்புறம்தான் அண்ணி குழாயடியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நான்தான் போய் மூடினேன்.