நூற்றிருபது கொக்கிப் பெட்டியும் சிட்டிபாபுவும்

ஜக்கார்டு பெட்டி பூட்டும் சிட்டிபாபு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது 1969ஆம் ஆண்டு நவம்பர் 24, திங்கட்கிழமை, காலை எட்டே காலுக்கு. அன்று மழை இல்லை. மாட்டு வண்டியில் ஒரு புதுப் பெட்டியை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அன்று அந்தப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஐயம்பேட்டையில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். பதினாறு வயதில், சொந்தத் தறியில் இருந்த பெட்டி ஓடாமல் நின்றபோது, அதை முழுவதும் கழற்றித் தரையில் பரப்பி மூன்று நாளில் திரும்பப் பூட்டியிருக்கிறார். பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்ததாம். அந்தத் திருகாணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பார். கேட்டால், "அது இல்லாமலே ஓடுது ண்ணா, ஆனா அது எங்க இருந்ததுன்னு இன்னும் தெரியல" என்பார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எண்ணுவது மட்டும் எப்போதும் தெலுங்கில்தான்.

புடவைக் கரையில் அன்னமோ மயிலோ விழ வேண்டுமானால் தறியின் உச்சியில் இந்தப் பெட்டி வேண்டும். துளை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகப் பெட்டியின்மேல் வந்து படியும். துளை உள்ள இடத்தில் கொக்கி எழும்பும். கொக்கியில் கட்டிய கயிறு, நீளவாக்கில் ஓடும் பாவின் இழையைத் தூக்கும். என் தறியில் இருந்தது 1953இல் பூட்டிய நூற்றிருபது கொக்கிப் பெட்டி. சிட்டிபாபு வந்த 1969இல் எங்கள் தெருவில் இருந்த முப்பத்தொரு பெட்டிகளில் பதினெட்டு, இருநூற்று நாற்பது கொக்கிக்கு மாறிவிட்டன. நானூற்று எண்பது கொக்கியும் வரப்போவதாகப் பேச்சு இருந்தது.

எனக்கு மாற்றும் ஆசை இருந்ததில்லை. மாற்ற வேண்டிய நிலை வந்தது. ஆவணியிலும் புரட்டாசியிலும் நான் நெய்து கொடுத்த இரண்டு அன்னக்கரைப் புடவைகள் திரும்பி வந்தன. எழும்பக் கூடாத இழைகள் எங்கோ எழும்பி, அன்னத்தின் கழுத்தில் சரிகைப் புள்ளிகள் விழுந்திருந்தன. எனக்குப் பாவும் சரிகையும் கொடுத்து வேலை வாங்கியவர் உமாபதி. இரண்டாம் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அன்னத்துக்கு அம்மை போட்டிருக்குதுபா" என்றார். பக்கத்தில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். மறுநாள் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் அம்மை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

உமாபதி கொடுமைக்காரர் இல்லை. கணக்காகப் பேசுவார். மூன்றாம் புடவை டிசம்பர் 20ஆம் தேதி வர வேண்டும். அதிலும் புள்ளி இருந்தால் இனி எனக்குக் கரை வேலை கிடையாது, வெற்றுப் புடவைதான் என்று சொன்னார். புதுப் பெட்டி பூட்டுவதானால் தை முடியும் வரை பொறுப்பதாகவும் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தாறு வருடமாகக் கரை போட்டவன். வெற்றுப் புடவைக்கு இறங்கினால் மறுபடி ஏறுவதற்கு வயது இல்லை. அதனால்தான் சிட்டிபாபுவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வந்தவர் முதலில் விட்டத்தின் உயரம் கேட்டார். தரையிலிருந்து ஒன்பது அடி மூன்று அங்குலம் என்று நோட்டைப் பார்த்துச் சொன்னேன். புதுப் பெட்டிக்குப் பத்தே முக்கால் அடி வேண்டும். ஓட்டைப் பிரித்துக் கூரையைத் தூக்க வேண்டும். பழைய அட்டைகள் தொண்ணூற்றாறும் புதியதில் பொருந்தாது. எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவர் தறிக்குழியில் இறங்கி, மல்லாந்து படுத்து, என்னை மிதிப்பலகையை மிதிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். கால் மணி நேரம் கேட்டிருப்பார்.

"பெட்டி நல்லாதான் சொல்லுது ண்ணா. எப்பலாம் தப்பு பண்ணுச்சி?"

நான் தறி நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் நெய்த அங்குலம், அறுந்த இழை, விழுந்த பிழை எல்லாம் அதில் உண்டு. புள்ளி விழுந்த நாட்கள் பதினேழு. தேதிகளை வாசிக்கச் சொன்னார். ஆகஸ்ட் 21, 22, 29. செப்டம்பர் 3, 4 என்று வாசித்துக்கொண்டு போனேன். நடுவில் நிறுத்தி, அந்த நாளெல்லாம் வெயிலா மழையா என்று கேட்டார்.

"அது வேற நோட்டு" என்றேன்.

"வேற நோட்டா?"

"மழைக்குத் தனி நோட்டு. தறிக்குத் தனி."

குழிக்குள் இருந்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணி, அந்த நோட்டையும் எடுத்தாங்க" என்று என் மனைவி தேவகியைக் கேட்டார்.

நான் தேதி சொல்லச் சொல்ல, தேவகி மழை நோட்டில் பார்த்துச் சொன்னாள். மழை. மழை. முதல் நாள் மாலை தொடங்கி விடிய மழை. சிட்டிபாபு ஒகட்டி, ரெண்டு, மூடு என்று விரல் மடக்கினார். பதினாறு நாளும் மழை. இருபத்தொரு வருடமாக இரண்டு நோட்டையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவன் நான். ஒருநாள்கூட இரண்டையும் சேர்த்துத் திறந்ததில்லை.

செப்டம்பர் 27 மட்டும் இடித்தது. அன்று நல்ல வெயில் என்று எழுதியிருந்தேன். புள்ளியோ அன்றுதான் அதிகம், ஒன்பது. எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் கவனிக்காதது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் அல்லவா. தேவகிதான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்குப் பொரட்டாசி ரெண்டாவது சனிக்கெழம தம்பி. விடியக்காலைல வூடு பூராவும் கழுவிவுட்டேன். தண்ணி தறிக்குழி வரைக்கும் போச்சி. இவரு கூட கத்துனாரு."

கத்தியது உண்மை. அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

சிட்டிபாபு எழுந்து உட்கார்ந்தார். கொக்கிகளுக்குக் கீழே தொங்கும் பருத்திக் கயிறுகளைக் காட்டினார். பதினாறு வருடத்தில் எண்ணெய்ப் பூச்சு எல்லாம் போய், வெறும் நூலாகிவிட்டன. ஈரம் பட்டால் கயிறு சுருங்கும். சுருங்கினால், அட்டை சொல்லாமலே இழை கொஞ்சம் மேலே நிற்கும். புதுப் பெட்டி பூட்டினாலும் இதே பருத்திக் கயிறுதான் கட்டுவார்கள். கொக்கி இரண்டு மடங்கு, கயிறும் இரண்டு மடங்கு என்றார்.

எனக்குச் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. பழைய பெட்டியோடு இருந்தால் தை வரையிலான தவணை போய்விடும், டிசம்பர் 20தான். அவர் சொல்வது தவறானால் என் கரை வேலை அதோடு முடிந்தது. அதனால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். ஒவ்வொரு கொக்கியிலும் இரண்டு கயிறு. ஒன்று இடது கரைக்கு, ஒன்று வலது கரைக்கு. ஈரத்துணியால் இடப்பக்கக் கயிறுகளை மட்டும் நனைத்தோம். அரை மணி நேரம் கழித்து நான்கு அங்குலம் நெய்தேன். இடது கரை அன்னத்தின் கழுத்தில் ஐந்து புள்ளி. வலது கரை அன்னம் சுத்தமாக இருந்தது.

சிட்டிபாபு அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். "பொட்டிக்கு வயசாயிடுச்சி ண்ணா. நோவு இல்ல. இன்னும் அஞ்சு வருஷம் ஒழைக்கும். அப்பால பெருசு போட்டுக்கலாம்."

"புதுப் பெட்டியையே பூட்டி, நல்ல கயிறு கட்டினால்?"

"கட்டலாம். கூரைய பிரிக்கணும், அட்டை அடிக்கணும். இந்த மழையில கூரைய பிரிச்சா, பொட்டியோட நீயும் நனைவே."

அந்தப் பெட்டியைப் பூட்டினால் அவருக்குப் பத்து நாள் வேலை. வண்டியில் ஏற்றி, இறக்கி, வாசலில் வைத்த பிறகு, அது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நான் கேட்டிருக்கவும் மாட்டேன். இதை நினைக்காமல் ஒரு மழைநாளும் எனக்குக் கழிந்ததில்லை.

பழைய பெட்டியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

புதுப் பெட்டி அன்று மதியமே மூன்று வீடு தள்ளி இருந்த வீரபாகுவின் வீட்டுக்குப் போயிற்று. அவர் வீட்டுக் கூரை உயரம். சிட்டிபாபு மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குப் போய், காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களிடம் ஈரத்தில் சுருங்காத நைலான் கயிறு வாங்கி வந்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் உட்கார்ந்து இருநூற்று நாற்பது கயிறும் கட்டினார். எல்லாம் ஒரே நீளம். தேவகி காப்பி கொடுக்கும்போது, "அன்னத்த மீன் வலையில மாட்டி வெச்சிட்டியே தம்பி" என்றாள். அவர் சிரிக்கவில்லை, எண்ணிக்கை தவறிவிடும் என்று கையால் சைகை காட்டினார். கட்டி முடித்த பிறகு, தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

டிசம்பர் 1, திங்கட்கிழமை மூன்றாம் புடவையைத் தொடங்கினேன். 4, 5, 6 மூன்று நாளும் விடாத மழை. ஐந்தாம் தேதி ஓட்டில் ஒழுகித் தறிக்குப் பக்கத்தில் பாத்திரம் வைத்தோம். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிறுத்தி அன்னத்தின் கழுத்தைப் பார்ப்பேன். தேவகியும் குனிந்து பார்ப்பாள். பிறகு அடுத்த அங்குலத்துக்குப் போவோம். புள்ளி விழவில்லை.

20ஆம் தேதி சனிக்கிழமை பதினொரு மணிக்குப் புடவையைக் கொண்டுபோனேன். யாரும் வரச் சொல்லாமலே சிட்டிபாபு வந்து, உமாபதியின் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். உமாபதி புடவையை முழுவதும் பிரித்து, இரண்டு கரையையும் வெளிச்சத்தில் பார்த்து, கழுத்து கழுத்தாக விரல் வைத்துக்கொண்டு போனார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

"அம்மை எறங்கிடுச்சி" என்றார். பிறகு, "புதுப் பொட்டி நல்லா வேலை செய்யுது" என்றார்.

பழைய பெட்டிதான் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து தறியைப் பார்த்துவிட்டு, அடுத்த பாவை அங்கேயே கொடுத்தார். அதுவும் அன்னக்கரைதான்.

சிட்டிபாபு சொன்ன ஐந்து வருடம் நான்கரையில் முடிந்தது. பெட்டியின் கொக்கிகள் தேய்ந்து, நாளொன்றுக்கு இரண்டு முறையாவது சிக்க ஆரம்பித்தன. 1974 ஜூன் 12, புதன்கிழமை, கோடை வெயிலில் கூரையைப் பிரித்து, இருநூற்று நாற்பது கொக்கி பூட்டினோம். தெருவில் சிலர் இனி நானூற்று எண்பதுக்குப் பொறுத்திருக்கலாமே என்றார்கள். எனக்கு இருக்கும் கரைகளுக்கு இது போதும் என்று சிட்டிபாபு சொல்லியிருந்தார். அதற்குமேல் நான் யாரிடமும் கேட்கவில்லை. பழைய பெட்டியை முசரவாக்கத்தில் தனியாக நெய்துகொண்டிருந்த அம்சாவுக்குக் கொடுத்தோம். அவளுடைய கூரை எங்களுடையதைவிடத் தாழ்வு. சிட்டிபாபுவே கொண்டுபோய்க் கொக்கி மாற்றிப் பூட்டினார்; அந்த நைலான் கயிறுகளை அப்படியே வைத்துவிட்டார்.

ஜூன் 12 அன்று காலை அவர் வந்தவுடன் விட்டத்தின் உயரம் கேட்பார் என்று அளந்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, நோட்டு இரண்டையும் எடுக்கச் சொன்னார்.

நான் ஒன்றைத்தான் கொண்டுவந்தேன். இன்னொன்று எங்கே என்று கேட்டார். பக்கத்தைத் திறந்து காட்டினேன். அங்குலம், அறுந்த இழை, பிழை. அதற்குப் பக்கத்திலேயே மழை. கடைசியில் ஒரு சின்னக் கட்டம், வீடு கழுவியதற்கு.

எழுத்துக்கூட்டி அந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணி, ஒங்களயும் சேத்துட்டாரு" என்றார்.