வண்டியைத் தொட்டது யார்?

அழகரத்தினத்துக்கு ஒரு குணம். எது பழுதானாலும் என்ன பழுது என்று பார்க்கமாட்டார், யார் செய்தது என்றுதான் முதலில் பார்ப்பார். வீட்டில் சோறு அடிப்பிடித்தால் அடுப்பை அணைக்கும் முன்னே ஆளைத் தேடுவார். இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் பெரிய கட்டடங்களில் மாடிப்படிகளைக் கழுவித் துடைத்துப் பிழைக்கிற மனிதர். அவர் துடைத்த படியில் இதுவரை எந்த வீட்டுக்கார சிஞ்ஞோராவும் ஒரு தூசி கண்டதில்லை. உண்மைதான். ஆனால் அதை அவரே சொல்லிச் சொல்லி ஊரில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

அவருடைய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவார். போன கார்த்திகையில் மனைவி புஸ்பராணியோடு வன்னிக்குப் போகும்போது, அதை நகரத்தின் பிரான்காச்சோப் பக்கம் இருக்கும் மனைவியின் தம்பி ஜசிந்தனின் கராஜில் விட்டார். மாரி முழுக்க மழை, கடற்காற்று, வெளியில் நின்றால் துருவேறிவிடும். போர்வையெல்லாம் தானே போட்டு மூடிவிட்டு, "ஒருத்தரும் தொடப்படாது, சொல்லிப்போட்டன்" என்று சாவியைக் கொடுத்தார்.

பங்குனியில் திரும்பி வந்து, பஸ் ஏறி வண்டி எடுக்கப் போனார். உதைத்தார். ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. மறுபடி உதைத்தார், அதே இருமல். துறைமுகத்தில் சாமான் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த ஜசிந்தன், சாப்பிடாமல்கூட வந்து குந்தினான். பழைய பெற்றோலை வடித்துப் புதிது ஊற்றினான். பற்றரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டான். பிளக்கைக் கழற்றி அரத்தாளால் தேய்த்தான். கார்பரேட்டரையும் ஊதித் துடைத்தான். வண்டி மசியவில்லை.

அழகரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இதை ஆரோ ஓடியிருக்கினம்."

"இல்லை அத்தான். போர்வையைக்கூட நான் விலக்கேல்லை."

"கராஜ் உன்ரை, சாவி உன்னட்டை. பேயே வந்து ஓடினது?"

"அம்மாளாணைச் சொல்லுறன் அத்தான்..."

"பொய்யனுக்குத்தான் சத்தியம் கெதியாய் வரும்!"

கராஜிலிருந்து வீட்டுக்கு ஏறும் படியில் நின்ற ஜசிந்தனின் மனைவி தர்மிளாவுக்கு அது நன்றாகக் கேட்டது. அவள் முகம் சுருங்கிப்போனது. ஜசிந்தன் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். "பிளக்தான் பழுதாய்ப் போட்டுது போலை. ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்திலை ஒரு கடை இருக்கு, வாங்கியாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

தனியே நின்ற அழகரத்தினம் சும்மா இருந்தாரா? சாட்சி தேடினார். புதுச் சேறு, புதுக் கீறல், ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும். போனில் விளக்கைப் போட்டு, முழங்காலில் நின்று வண்டியின் அடியெல்லாம் துழாவினார். வெளிச்சம் சைலன்சர் வாய்க்குள் விழுந்தது. உள்ளே நீலக் கட்டம் போட்ட துணி.

பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. அவர் வீட்டில் உடுத்திய பழைய சாரத்தின் துண்டு. ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று, பயணத்துக்கு முதல்நாள் அவரே கிழித்து அவரே உள்ளே அடைத்தது. மகா கெட்டித்தனம் செய்துவிட்டதாக அன்றைக்குத் தனக்குள் மெச்சிக்கொண்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. துணியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார். வண்டியை உதைத்துப் பார்க்கவில்லை, தொடவுமில்லை. அந்தப் பாவி பிளக்கோடு வரட்டும் என்று காத்திருந்தார்.

ஜசிந்தன் மூச்சு வாங்க வந்தான். புதுப் பிளக்கைப் பூட்டி உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி உறுமிக்கொண்டு எழும்பியது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"பாத்தியளோ அத்தான், பிளக்தான்! என்ரை பிழைதான். இடைக்கிடை ஸ்ராட் பண்ணி வைச்சிருக்கவேணும். குறை நினைக்காதேங்கோ."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் வாய் பழக்க தோசத்தில் முந்திக்கொண்டது. "சரி சரி, இனியாவது கவனமாய் இரு." சொல்லி முடித்ததும் தன் குரலே தனக்கு அருவருத்தது.

தர்மிளா தேத்தண்ணி கொண்டுவந்தாள். முகம் பார்க்காமல் நீட்டினாள். "கையைத் துடைச்சுப்போட்டு எடுங்கோ அண்ணா."

அவர் யோசிக்காமல் பைக்குள் கையை விட்டார். கை துடைக்கும் லேஞ்சி என்று நினைத்து எடுத்தது வேறு. நீலக் கட்டம், நடுவில் வட்டமாகச் சைலன்சர் கரி. அந்தச் சாரத்தோடு அவரை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்தவன் ஜசிந்தன். துணியைப் பார்த்தான், சைலன்சரைப் பார்த்தான். பிறகு நிலத்தில் கிடந்த பழைய பிளக்கை எடுத்துத் தன் சேட்டில் துடைத்து நீட்டினான்.

"இது நல்லாய்த்தான் இருக்கு அத்தான். வைச்சிருங்கோ, உதவும்."

இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு இப்படி வலித்திராது. தர்மிளா வெறும் தட்டோடு படியேறத் தொடங்கினாள்.

"தம்பி, நான்தான் அடைச்சனான்" என்றார். வண்டிச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

"என்ன அத்தான்?"

காலையிலிருந்து உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்த வண்டியை அழகரத்தினம் கை நீட்டி நிறுத்தினார். பிறகு படியில் போகிறவளுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார்.