ஓலை வாசிக்க ஓர் ஊர் தேடி ஒரகடம் போனேன்

"நீங்கள் போனதிலேயே போய்ச் சேரச் சிரமமான இடம் எது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். லடாக்கையோ தவாங்கையோ எதிர்பார்த்திருப்பார். என் பதில் ஒரகடம். சிரிக்காதீர்கள், இப்போது கார் கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் அதே ஒரகடம்தான். எழுபதுகளின் கடைசியில், பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை, இருபத்திரண்டு வயதில் அங்கே தனியாகப் போனேன். போன காரணம் என் கல்யாணம்.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்ன ஊர், இன்னார் மகள், இன்னாரைக் கட்டப்போகிறாள், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அதற்கு, குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரும் ஞானஸ்நானச் சீட்டு வேண்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம். "சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள சீட்டு வந்தா மறுநாள் வாசிக்கிறேன், இல்லேன்னா ஈஸ்டர்தான்" என்று எங்கள் பல்லாவரத்துச் சாமியார் சொல்லிவிட்டார்.

ஈஸ்டர் வரை காத்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். மாப்பிள்ளை சேவியருக்கு ஒன்றும் கெடாது, அவர் பரம சாது. அவர் அம்மா ரோசலிதான் சிக்கல். அவர் மனதில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள். "ஊரு பேரு தெரியாத பொண்ணு. அவ ஊரு எதுன்னு ஓலையில வாசிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதம் கிடைத்தால் காரியத்தைக் கலைத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு சேவியரை ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பா செங்கல் சூளை மேஸ்திரி, சூளை போகும் இடமெல்லாம் நாங்களும் போவோம். எனக்கு நான்கு வயதில் அம்மா இறந்துவிட்டார். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அப்பாவுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: "ஒரகடத்துக்கு அந்தண்டை, ஏரிக்கரைக் கோயில்மா." அந்தப் பக்கம் எத்தனை ஏரி என்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

காலை 7.10க்குப் பல்லாவரத்தில் மின்சார ரயில், தாம்பரத்துக்கு முப்பது காசு. எட்டு மணிக்கு வாலாஜாபாத் பஸ், ஒரகடம் வரை ஒரு ரூபாய் பத்து காசு. படப்பை தாண்டியதும் பஸ்ஸில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. 9.05க்கு ஒரகடத்தில் இறங்கினேன். ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் வடக்கே கை காட்டினார். "மூணு மைல் நேரா நடம்மா, கரை மேல சிலுவை தெரியும்." வேலிக்காத்தான் புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வழியில் நான் பார்த்த மனிதர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஆடு மேய்ப்பவர்கள்.

கோயிலில் உபதேசியார் சூசை இருந்தார். சாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும் பதிவேடு பார்ப்பதும் அவர் வேலை. நான் பிறந்த வருஷத்தையும் அதற்கு முன்பின் வருஷங்களையும் புரட்டினார். பிலோமினா என்று என் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், அப்பா பெயர் அந்தோணி என்று ஒருத்திக்கும் இல்லை. மணி பன்னிரண்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் அழுதும் விட்டேன்.

"அழுவாதமா. நீ எந்த மாசம் பொறந்தே?" என்றார்.

"மே மாசம்."

"அப்பா இன்னா வேலை பார்த்தாரு?"

"சூளை மேஸ்திரி."

பதிவேட்டை மூடிவிட்டார். "இத்த மொதல்லயே சொல்லவேணாமா? மே மாசத்துல ஏரியில ஏது தண்ணி? சூளையே ஏரிக்குள்ளதான் போடுவாங்க. அங்கேர்ந்து இந்தக் கோயில் தூரம், அக்கரைக் கோயில்தான் கிட்ட. கொழந்தைய அங்கதான் தூக்கினு போயிருப்பாங்க. அது வேற பங்கு, வேற சாமியாரு."

ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்கள் சேர்ந்தது ஒரு பங்கு; ஏரிதான் இரண்டு பங்குக்கும் எல்லை. காய்ந்து கிடந்தால் குறுக்கே முக்கால் மைல். நான் நின்ற அன்று கரை முட்டத் தண்ணீர், சுற்றிப் போனால் ஐந்து மைல். அக்கரைச் சாமியார் நாலு மணிக்கு வேறு ஊர் பூசைக்குக் கிளம்பிவிடுவாராம். மூன்று மைல் நடந்ததிலேயே என் குதிகால் கொப்புளித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வைக்கோல் வண்டி வந்தது. ஓட்டியவர் பெயர் ஏகாம்பரம், அந்த ஊர் விவசாயி. அக்கரையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். உபதேசியார் விஷயத்தைச் சொன்னார். ஏகாம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க கோயில்ல இவ்ளோ கெடுபிடியா? எங்க ஆளுங்க தாலி கட்டிட்டுத்தான் மத்ததெல்லாம் பேசுவாங்க. ஏறு" என்றார்.

வண்டி போகிற வேகத்தில் போயிற்று. அவசரத்தில் இருக்கும் பெண்ணிடம் பேசுகிறோம் என்ற கவலை அவருக்குத் துளியும் இல்லை. மாட்டின் வயதைச் சொன்னார், மகளின் நாத்தனாரைத் திட்டினார். பாதி வழியில் சாட்டைக் கம்பை நீட்டித் தண்ணீர் நடுவைக் காட்டினார்.

"தோ, கொக்கு நின்னுகினு கீது பாரு, மேடு. அங்கதான் வருஷா வருஷம் சூளை. நீ அங்கதான் பொறந்திருப்பே."

பார்த்தேன். தண்ணீரும் கொக்கும்தான் தெரிந்தன. சொந்த ஊரை அப்படிப் பார்க்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் மாடுகள் இறங்க மறுத்துவிட்டன. "பாரம் கொறையணும், நீ எறங்கி நட" என்றார். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இழுப்பில் ஒரு செருப்பு போயிற்று. மற்றதை நானே கழற்றி எறிந்தேன், ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அக்கரைக் கோயிலை அடைந்தபோது 3.35. சாமியார் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, அது கிளம்பவில்லை. சேறும் வெறுங்காலுமாக நின்ற என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பதிவேட்டை எடுத்துவந்தார். அந்தக் காலத்துப் பதிவு எல்லாம் லத்தீன். விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். பிலோமினா, அந்தோணி மகள், இரண்டு நாள் குழந்தை.

"ஊர் எதுன்னு போட்டிருக்கு சாமி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏரிக்குள்ளன்னு எழுதியிருக்கும்மா."

அப்படியே சீட்டு எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ஏகாம்பரம் மகள் வீட்டில் ஒரு சொம்பு மோரும் பழைய ரப்பர் செருப்பும் கிடைத்தன. அங்கிருந்து சுங்குவார்சத்திரம் இரண்டரை மைல். ஐந்தேகால் பஸ், ஸ்ரீபெரும்புதூரில் மாறி, குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம். 7.40க்குச் சீட்டு எங்கள் சாமியார் கையில்.

அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: இப்போது படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ உண்டு, ஒரகடத்தில் ஆறுவழிச் சாலை இருக்கிறது, வழி கேட்க ஆள் பஞ்சமில்லை. ஏரியைத் தண்ணீரோடு பார்க்கத் தை மாதம் போங்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு போடுங்கள். பிற்பாடு எத்தனையோ எல்லை ஊர்களுக்குப் போயிருக்கிறேன். எங்கே போனாலும் வழி கேட்கும்போது மாதத்தையும் சொல்லிக் கேட்பேன். எல்லையோர மக்களுக்கு அக்கரையும் இக்கரையும் தைக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று. வரைபடம் போடுகிறவருக்கு இது தெரியாது, உபதேசியார் சூசைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஓலை வாசித்தார்கள். என் ஊர் வந்த இடத்தில் சாமியார் ஒரு நொடி தயங்கினார், பிறகு "ஏரிக்குள்" என்றே வாசித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரோசலியம்மா சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"ஏரிக்குள்ளன்னா? தண்ணிக்குள்ளயா?"

"இப்ப தண்ணிம்மா. மே மாசம்னா தரை."

"மே மாசம் கூட்டினு போ. என் கண்ணால பாக்கணும்."

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. மே மாதத்தை ரோசலியம்மா மறக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வெடித்த ஏரித்தரையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மேட்டில் சூளை புகைந்துகொண்டிருந்தது. அங்கே செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "யாரும்மா நீங்க, எந்த ஊரு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "நாங்க பல்லாவரம். எங்க மருமவளுக்கு இந்த ஊருதான்."