கொலுக் குளத்தில் நகர்ந்த குச்சி

மகள் வீட்டுக் கொலுவில் பார்க் கட்டுவது என் வேலை. நாலு பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சம். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில், சான் ரமோனில் இந்த வீட்டுக்குப் பின்னால் க்ரீக் என்று ஒரு சின்ன ஓடை ஓடுகிறது. போன நவராத்திரிக்கு அங்கிருந்து கூழாங்கல்லும் மணலும் ஒரு வாளித் தண்ணீரும் அள்ளிவந்து, அலுமினிய ட்ரேயில் நிஜக் குளமே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை விளக்கேற்றும்போது குளத்தில் ஒரு குச்சி நகர்ந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். குச்சி இல்லை, இலைத் துணுக்கும் மணலும் ஒட்டின சின்னக் குழாய். உள்ளேயிருந்து ஒரு புழு தலையையும் ஆறு காலையும் நீட்டி, வீட்டையே இழுத்துக்கொண்டு போனது. தேடினால் இன்னும் ஆறு.

மருமகன் போனில் படம் பிடித்துத் தேடி, வந்ததைப் படித்துச் சொன்னார். கேடிஸ் ஈயாம், வடக்குக் குளிர்த் தண்ணீர் வகை. முட்டையிலிருந்து வந்த புழு, வாயில் ஊறும் பட்டுநூலால் ஒட்டி ஒட்டிக் கூடு கட்டும். உடம்பு வளர வளரக் கூட்டின் முன்பக்கத்தை நீட்டிக்கொள்ளும். வளர்ந்து முடிந்ததும் கூட்டைக் கல்லில் ஒட்டி, கூட்டின் வாயை அடைத்து, உள்ளேயே உருமாறும். பிறகு கடித்துத் திறந்து மேலே நீந்திவந்து, தோலுரித்துப் பறக்கும். அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான். முட்டையிட்டால் வேலை முடிந்தது.

"இந்தத் தண்ணில இதுங்க தாங்காது அத்தை. ஜில்லுனு ஓடுற தண்ணி வேணும்" என்றார்.

மதியம் பார்த்தபோது எல்லாம் நடையை நிறுத்தியிருந்தன. கூட்டுக்குள் உடம்பை ஆட்டி ஆட்டி மூச்சுக்குத் தண்ணீர் இழுத்தன. இப்போதே க்ரீக்கில் விட்டுவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது, நாளை வெள்ளிக்கிழமை முப்பது பேர் வருகிறார்கள், விஜயதசமி முடிந்ததும் விட்டுவிடலாம் என்றாள். அந்த வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"பொம்மை ஒன்பது நாள் பொறுக்கும், இதுங்க பொறுக்காது. அள்ளிட்டு வந்தது நான், கொண்டுபோய் விடுறதும் நான்தான்" என்றேன். அவள் குளத்துக்குப் பதிலாக வைக்க முகம் பார்க்கும் கண்ணாடி தேடப் போனாள்.

க்ரீக் வரைக்கும் ட்ரேயை மருமகன் தூக்கிவந்தார். தண்ணீர் சலசலக்கிற இடமாகப் பார்த்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக விட்டேன். ஆறு புழுக்கள் காலை நீட்டின. ஏழாவது நீட்டவில்லை. குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்தேன். அதையும் அங்கேயே விட்டு வந்தேன்.

மறுநாள் வந்த பெண்களில் ஒருத்தி, "வாட்ஸ்அப் போட்டோல நிஜத் தண்ணி இருந்துதே, ஆன்ட்டி?" என்று கேட்டாள். வழக்கமாக யாராவது பேச்சுக் கொடுத்தால், சுண்டல் எடுத்துவருகிற சாக்கில் நான் சமையலறைக்குள் நழுவிவிடுவேன்.

"அதுல குடியிருந்தவங்க இருந்தாங்கம்மா. வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்று ஆரம்பித்தேன். முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் சொன்னேன், அந்த ஏழாவதையும் சொன்னேன். அன்றைக்குச் சுண்டல் கொடுத்தது மகள்தான்.