தீப்பெட்டி வாங்கப் போன அக்கா

பத்தொன்பது வயது ஆகியும் என் அக்கா தெருக்கோடிப் பெட்டிக்கடைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒரே ஒரு தடவையாவது போகவேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற பெண்களைப் பார்த்து, "அது மட்டும் தனியா போவுது பாரு" என்று அங்கலாய்ப்பாள். "அது"வுக்குப் பத்து வயதுதான் இருக்கும்.

அக்காவுக்கு மூளை வளர்ச்சி கம்மி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருவில் நல்லவர்கள் அவளை வெகுளி என்பார்கள். மற்றவர்கள் சொன்னதை எழுதமாட்டேன். ஒருத்தன் என் காதுபட அரைக்கிறுக்கு என்றான். பக்கத்தில் சாயம் தோய்த்து மிஞ்சிய அரக்குத் தண்ணீர் ஒரு வாளி இருந்தது. அவனுடைய வெள்ளை வேட்டி அப்புறம் வெளுக்கவேயில்லை என்று கேள்வி. எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அம்மாவின் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது, சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவைக் கூட்டத்தில் அம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டாள். உறவுக்காரர்கள் எல்லாம் தெருத்தெருவாகத் தேடினார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் கண்டுபிடித்தபோது, யாரோ கொடுத்த நீர்மோரைக் குடித்துக்கொண்டு, "நீங்க எல்லாம் எங்க போயிட்டீங்க?" என்று அவள் அம்மாவைத் திட்டினாளாம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த மணிக்கட்டை அப்புறம் விடவேயில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதி மாதர் சங்கத்தார் அக்காவைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். இடம், முன்பு சாயப்பட்டறையாக இருந்த ஒரு கொட்டகை. சுவரெல்லாம் பச்சையும் மஞ்சளும் தெறித்திருக்கும். எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் மறுபடி எட்டிப் பார்க்கும். அக்காவைத் தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்காததால் நானும் கூடப் போனேன். போன இடத்தில் சும்மா உட்கார முடியாமல் உதவி டீச்சர் மாதிரி ஆகிவிட்டேன்.

அங்கே மெட்ராஸிலிருந்து ஓர் அம்மையார் வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் பெரிய கடிகாரம். அவர்தான் அவார்டு என்பதைக் கொண்டுவந்தார். ஐந்து வேலைகள். ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் தானே செய்யவேண்டும். செய்தால் கையில் ஒரு கலர்க் கயிறு கட்டுவார்கள். ஐந்து கயிறும் சேர்ந்தால் மெடல். பாவு நெய்து முடிந்து தறியில் மிஞ்சுகிற பட்டு நுனிகளை முறுக்கி, வகுப்பில் ஒரு பையனின் அப்பா அந்தக் கயிறுகளைச் செய்துகொடுத்தார். அம்மாக்கள் எல்லாம் அதை "அவாடு" என்றார்கள். ஆரம்பத்தில் கேலியாகத்தான் சொன்னார்கள். தங்கள் பிள்ளை கையில் முதல் கயிறு ஏறியதும் தெருவெல்லாம் அவாடு பேச்சுத்தான்.

அக்கா நான்கு கயிறுகளைச் சீக்கிரமே வாங்கிவிட்டாள். செடி வளர்க்கிற வேலைக்கு அவரை விதை போட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சொல்லியிருந்தேன். மழை கொட்டுகிற நாளிலும் குடை பிடித்துக்கொண்டு போய் ஊற்றினாள். "மழைதான் ஊத்துதே" என்றால், "அது அதோட வேலை. இது என் வேலை" என்றாள். அவளிடம் வாயைக் கொடுத்து யாராலும் மீள முடியாது.

ஐந்தாவது வேலையில்தான் வந்தது வினை. கொட்டகையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்குத் தனியாகப் போய், ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வரவேண்டும். யாரும் கூடப் போகக்கூடாது, பின்னாலும் போகக்கூடாது.

"அந்த அவாடும் வேணாம், மெடலும் வேணாம்" என்றாள் அம்மா. அக்கா இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அம்மா இறங்கி வந்தாள். "ஒரே ஒரு நாளுதான். அதோட சரி. அப்பறம் வெளிய போவணும்னு வாயத் தொறக்கக்கூடாது."

அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். கடைக்காரரிடம் என்ன கேட்பது, காசை எப்படி நீட்டுவது, வாங்கியதும் என்ன சொல்வது. "கெளம்பும்போது போறேன்னு சொல்லிடப்போறா" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எங்கள் வீட்டில் போறேன் என்ற சொல்லுக்கு இடமில்லை. செத்தவர்கள்தான் போவார்கள், மற்றவர்கள் போயிட்டு வரவேண்டும். ஆகவே, "போயிட்டு வரேன்னு சொல்லணும்" என்று அக்காவுக்கு உருப்போட வைத்தேன். சமர்த்தாகச் சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. அக்கா கையில் காசை இறுக்கிக்கொண்டு, எங்கள் எல்லோரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அம்மா கொட்டகைக்குள் முருகா முருகா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஆளைக் காணோம். தெருவில் மூங்கில் கழியில் பச்சை நூல் கற்றைகள் காய்ந்துகொண்டிருந்தன; அவற்றின் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா நிற்பது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. "இன்னாம்மா, ஒளிஞ்சிக்கினு இருக்கே?" என்று நின்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். அம்மா அசடு வழியத் திரும்பி வந்தாள்.

வந்தாள் அக்கா! தீப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தேரிலிருந்து பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொட்டகையே கைதட்டியது. மெட்ராஸ் அம்மையார் ஐந்தாவது கயிற்றை எடுத்தார், நல்ல மாம்பழ மஞ்சள். அக்கா தீப்பெட்டியை அவர் கையில் வைத்தாள். "போயிட்டு வரேன்" என்றாள். திரும்பி நடந்தாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். வாயில் பெப்பர்மிண்ட். அப்பாடா என்று அம்மையார் மறுபடி கயிற்றை எடுத்தார். "போயிட்டு வரேன்" என்றாள் அக்கா. மறுபடியும் நடையைக் கட்டினாள்.

"அய்யோ, எம்பொண்ணுக்கு இன்னாமோ ஆயிடுச்சே! நான் அப்பவே சொன்னேனே!" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலுக்கு ஓடினேன். அதற்குள் கடைக்காரரே கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அக்காவுடன் வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு சும்மா சும்மா வந்து, வந்துட்டேன் வந்துட்டேன்னு நிக்குது. இன்னா வேணும்னு கேட்டா ஒண்ணும் வேணாங்குது. இன்னாம்மா சமாச்சாரம்?"

"ஏன்கா திரும்பத் திரும்பப் போறே?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உலகத்தில் இவ்வளவு மக்கு உண்டா என்கிற பார்வை. "அவருகிட்ட போயிட்டு வரேன்னு சொன்னேன். போவாம இருப்பாங்களா?" என்றாள். "இங்கயும் சொன்னேன். அதான் வந்தேன்."

முதலில் சிரித்தவர் கடைக்காரர்தான். அப்புறம் யார் சிரித்தோம், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அம்மையார் கடிகாரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து ஆயிரம் வாசலில் நான் போயிட்டு வரேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் பாதி வாசலை மறுபடி மிதித்ததில்லை. ஒருத்தர்கூட என்னை நம்பிக் காத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சிரித்து முடித்தால் சிக்கல் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் இன்னும் அங்கேயே நிற்கிறார். அவர் கிளம்பினால் இவள் மறுபடி போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டால்? "போறேன்னு சொல்லச் சொல்லுங்களேன்" என்றார் அம்மையார். "அந்தப் பேச்சே வேணாம்மா!" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கடைசியில் கடைக்காரர் அக்காவிடம், "கண்ணு, நாளைக்கு வரேன்னு சொல்லும்மா. இன்னிக்குப் போதும்" என்றார். அக்கா யோசித்தாள். "நாளைக்கு வரேன்" என்றாள். நகராமல் நின்றாள்.

கயிறு ஏறியது. மெடலும் கழுத்தில் ஏறியது. அம்மாகூடச் சிரித்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. எழுந்து பார்த்தால் அக்கா குளித்து, பின்னிப் பூ வைத்து, கழுத்தில் மெடலோடு வாசற்படியில் நிற்கிறாள்.

"கடைக்குப் போவணும்."

அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் நேத்தோட முடிஞ்சிடுச்சுமா. ஒரே நாளுன்னு பேசினோம் இல்ல?"

"நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன்."

"அவரு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னாரு. மறந்துகூட இருப்பாரு."

"நான் மறக்கலியே" என்றாள் அக்கா. குரல் உடைந்தது. ஆனால் படியைவிட்டு நகரவில்லை. உள்ளே தறிக்குழியில் நெய்துகொண்டிருந்த அப்பாவின் கால் மிதிப்பது நின்றுபோயிருந்தது. அவரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். ஐந்து கயிறுகள் இருந்தன. பிடிக்கக் கை நீளும் என்றுதான் நான் நினைத்தேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்தாள். "கல்லுப்பு வாங்கிட்டு வா."

அக்காவின் முகத்தை நான் எப்படி எழுதுவேன்! "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிப் படி இறங்கிவிட்டாள். பிரேக் இல்லாத சைக்கிள்கள் பாய்கிற தெரு அது. நான் பதறி எழுந்து பின்னால் கிளம்பினேன்.

"நீ எங்கடி கெளம்பிட்டே? உக்காரு" என்றாள் அம்மா. "உன்ன அனுப்பினாத்தான் எப்ப வருவியோன்னு நான் வழியப் பாத்துக்கினு இருக்கணும். அவ வரேன்னு சொல்லிட்டா. வந்துடுவா."

சொல்லிவிட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ராட்டையை வேகமாகச் சுற்றினாள். நூல் எப்போதோ அறுந்துபோயிருந்தது. வெறும் ராட்டைதான் சுற்றிக்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு ஒரு நாளும் சும்மா இருந்தறியாத நான், அக்கா உப்போடு படியேறும்வரை அதைச் சொல்லவில்லை.