தழும்பில்லாத ஆபரேஷன்

எனக்குக் கிட்னி ஒன்றுதான். இன்னொன்று கல் அடைத்துக் கெட்டுப்போக, எண்பதுகளிலேயே இடது விலாவைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளில், மிச்சமிருந்த வலது கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் குழாய் சுருங்கிப்போனது. இதுவும் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து என் மனைவியிடம், "ஒண்ணுமில்ல, சின்ன ரிப்பேரு" என்றேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் வேறெப்படிச் சொல்வான்?

வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர் போகிற வழியாகவே கம்பியை விட்டு, சுருங்கிய இடத்தில் குட்டி பலூனை ஊதி விரித்து, உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டார்கள். சில வாரம் கழித்து அதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான், திருமுல்லைவாயில் வீட்டுப் படியை நானே ஏறினேன்.

வினையே அதுதான். எங்கள் பக்கம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள் தையலைப் பார்க்காமல் போகமாட்டார்கள். சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும். நோயாளிக்கு அதுதான் மரியாதை. நான் எதைக் காட்டுவது? கம்பி போன வழியையா? "ஊசி போட்டுகினு வந்து ஆபரேசன்னு படம் காட்றாம்பா" என்று கம்பெனி ஆட்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பஸ் கண்டக்டர் வந்தார். "இன்னா அண்ணாத்தே, கட்டு ஒண்ணையும் காணோம்?"

சட்டையைத் தூக்கி, இடப்பக்கப் பழைய தழும்பைக் காட்டினேன். முனகல் வேறு.

"அடேங்கப்பா! இம்மாம் பெரிய வெட்டா? அதுக்குள்ள ஆறிப்போச்சே!"

"நம்ம உடம்பு வாகு அப்டி" என்றேன், கூச்சமே இல்லாமல்.

காப்பியோடு வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"அது பழசுண்ணே. அன்னிக்கு அப்டி வெட்டித்தான் ஒண்ண எடுத்துட்டாங்க. இந்த வாட்டியும் வெட்டிருவாங்களோன்னு வெளிய உக்காந்துகினு இருந்தேன். இருக்கறது ஒண்ணுதானே? டாக்டரு வந்து, வெட்டலம்மா, நல்லா கீதுன்னாரு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. இந்தாளு இன்னான்னா, காயம் இல்லன்னு அழுவுறாரு!"

சொல்லச் சொல்ல அவள்தான் அழுதாள். கண்டக்டர் காப்பியைத் தொடாமலே நழுவிவிட்டார்.

எனக்குச் சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. அவளே போட்டுவிட்டாள். பிறகு வலது விலாவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளே, குழாய் இருந்த இடத்தில், நிஜமாகவே வலித்தது. இந்தத் தடவை நான் முனகவில்லை.