சுண்ணாம்புக்குக் கீழே போன மருந்து

என் கூட்டாளி பாவாடையின் பாதி ஆயுளை நெசவு மில் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை மருந்துப் பம்பு எடுத்துக்கொண்டிருந்தது. 1959இல் மலேரியா ஒழிப்பு வேலையில் அவன் தினக்கூலி. டி.டி.டி. தூளைத் தண்ணீரில் கரைத்து, வீடு வீடாகப் போய் உட்சுவரில் அடிக்க வேண்டும். கொசு கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும், உட்கார்ந்தால் சாகும். இவ்வளவுதான் விஷயம். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதைவிட இது மலிவு. ஒரு தடவை அடித்தால் மாதக்கணக்கில் நிற்கும். நிற்க விட்டால்.

வீராம்பட்டினத்தில் யாரும் நிற்க விடுவதில்லை. அம்மன் கோயில் ஆடித் தேருக்கு முன்னால் ஒவ்வொரு வீடும் உள்ளும் புறமும் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். மருந்து லாரியோ ஆடி பிறந்ததும் அந்த ஊருக்குத்தான் போகும். அடிக்கிறவனுக்கும் இது தெரியும், அனுப்புகிறவருக்கும் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் இதுவே நடந்தது.

அந்த வருஷம் பாவாடைக்குப் பொறுக்கவில்லை. அவன் அக்காள் மகள் சந்திரகலா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முந்தின வருஷம் குளிர்க்காய்ச்சலில் வயிற்றுப் பிள்ளையை இழந்தவள். இப்போது மறுபடி ஏழு மாசம். தாயில்லாதவள், பிரசவத்துக்குப் போக வேறு வீடு கிடையாது.

மேற்பார்வையாளர் தெய்வசிகாமணியிடம் போனான். நானும் கூடப் போனேன். மில் சங்கத்தை விட்டாலும் மனுக் கொடுக்கிற பழக்கம் என்னை விடவில்லை.

“ஐயா, தேரு முடிஞ்சப்புறம் அந்த ஊருக்குப் போலாங்களா?” என்றான் பாவாடை.

“எனக்குத் தெரியாதாய்யா? அப்ப லாரி தவளக்குப்பத்துல நிக்கும். திரும்பி வர பெட்ரோலு யாரு குடுப்பா?”

“அடிக்கிற மருந்தெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில போவுதேங்க. அது மட்டும் காசு இல்லையா?”

“அது அடிச்ச கணக்குல வந்துடும். போய்யா, எனக்கே ஒடம்பு முடியல.”

திட்டத்தான் போனேன். அந்த ஆளும் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னத்தைத் திட்டுவது?

வழக்கம்போல ஆடி பிறந்ததும் அடித்தார்கள். அடுத்த வாரம் பெரிய மார்க்கெட்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பாவாடை சந்திரகலா வீட்டுக்குப் போனான். மாமியார் மணியம்மாள் வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, வெளியில எவ்ளோ வேணா பூசிக்க. உள்ள மட்டும் கைய வெக்காத.”

“வந்துட்டான்யா மருந்துக்காரன்! ஒன் மருந்து நாத்தத்துல பூனை கூட உள்ள வரல.”

“பூனை வராட்டி போவுது. கொசு வரக்கூடாதுல்ல.”

“தேருக்கு ஒறமொறைங்க வருவாங்கடா. செவுரு பூரா திட்டுத் திட்டா நிக்கிது, எச்சி துப்புன மாரி. அம்மாவுக்குப் படையல் போடுற வூடு இது.”

உள்ளேயிருந்து சந்திரகலா குரல் கொடுத்தாள். “அத்த, அம்மா தேருல போவுது. நான் படுக்குற ரூமுக்கா வரப்போவுது?”

மணியம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “மாமனும் மருமவளும் ஒண்ணா சேந்துக்கினீங்களா! சரி, அந்த ஒரு ரூம பூசாம விட்டுத் தொலைக்கிறேன்.”

ஊருக்கே அடித்த மருந்தில் ஒரு அறை மிஞ்சியது.

தேர் அன்று அவனோடு நானும் போனேன். அறைக்குள் நுழைந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். மணியம்மாள் சுவரைச் சுற்றி ஆணியடித்துப் பழைய புடவைகளைத் தொங்கவிட்டிருந்தாள். திட்டு வெளியே தெரியக்கூடாதாம். கொசு இனிப் புடவையில் உட்காரும், மருந்தில் உட்காராது.

“யக்கா, இத எப்ப கட்டின?”

“சுண்ணாம்பு பூசின அன்னிக்கே. ஒன் செவுத்துல கைய வெச்சனா? சொன்னா சொன்னதுதான் நானு.”

அவனிடம் சண்டைக்குத் தெம்பில்லை. விருந்தாளிகள் சாப்பிட்டுக் கிளம்பும்வரை வெளியே மணலில் உட்கார்ந்திருந்தான். பிறகு உள்ளே போய்ப் புடவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக் கொடுத்தான். ஆணிகள் சுவரிலேயே நின்றன.

“வர்ற வருசம் தேருக்கப்புறம் வந்து அடி. நானே தெருவ கூட்டி நிக்க வெக்கிறேன்” என்றாள் மணியம்மாள்.

“லாரிய கேட்டுச் சொல்றேன்.”

புரட்டாசியில் சந்திரகலாவுக்குப் பெண் பிறந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. மருந்தா, தற்செயலா என்று பாவாடையைக் கேட்டேன். “வரல. அத்தோட வுடு” என்றான்.

அடுத்த ஆடி பிறந்தது. லாரி மறுபடி வீராம்பட்டினத்துக்கே போனது. பாவாடை பம்பைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அந்த அறைக்குள் போய் ஆணிகளைப் பிடுங்கினான்.